வியாழக்கிழமை ஒரே நாளில் பாலி முழுக்க

காங்கேயம்,
4.3.2026, புதன்.

அன்பு மகள் பிரவீனா கண்ணுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து (நான் அனுப்பிய எண்ணெய், அங்கே சீசாவில் விற்கும் வாசனைத் தண்ணீர் அல்ல) சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் நாலாவது வார்த்தைக்கு வருவதற்குள் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். நாற்காலிக்குப் படம் வரைகிற வேலையில் அப்படி என்ன மீட்டிங்கோ தெரியவில்லை, நாற்காலிக்கு நாலு கால் என்று எங்கள் காலத்திலேயே முடிவாகிவிட்டது. காகிதம் குறுக்கே பேசாது. ஆகையால் எழுதி, படம் பிடித்து வாட்ஸப்பில் போடுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி.

முதல் சேதி, நாங்கள் பாலிக்கு வருகிறோம். ஏப்ரலில் வாருங்கள் என்று நீ சொல்லியிருந்தாய், நான் இந்த மாதமே டிக்கெட் போட்டுவிட்டேன். காரணம் சொல்கிறேன். போன மாதம் நீ அம்மாவிடம் பேசும்போது, பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை ஆபீஸ் லீவு, அன்றைக்குப் பூரா வீட்டுக்குள்தான் இருப்பேன் என்று சொன்னாயாம். பெண்பிள்ளை கடல் தாண்டிப் போய், ஒரு லீவு நாளில் போக்கிடம் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் முந்தின நாள் நிறைந்த அமாவாசை. அமாவாசை அன்று போய் இறங்கினால் அதைவிட நல்ல நாள் ஏது. காந்திபுரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜெரோமைக் கேட்டால், அந்த வாரம் டிக்கெட் விலை இறங்கிக் கிடக்கிறது என்றான். உடனே போடச் சொல்லிவிட்டேன். பதினெட்டாம் தேதி மத்தியானம் வந்து இறங்குகிறோம், இருபதாம் தேதி சாயங்காலம் திரும்புகிறோம். அதற்கு மேல் உலர்களத்தை விட்டுவிட்டு இருக்க முடியாது, கொப்பரை காய்கிற நேரம் இது, வெயிலை நம்பி ஆளிடம் விட்டால் பாதி பூசணம் பூத்துவிடும். ஆக நமக்கு முழுசாகக் கிடைப்பது வியாழக்கிழமை ஒரே நாள். அந்த ஒரு நாளில் தீவு முழுக்கப் பார்த்தாக வேண்டும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வியாழக்கிழமை காலையில் கண் விழித்ததில் இருந்து ராத்திரி கண் மூடும் வரைக்கும் கொப்பரை, தேங்காய், எண்ணெய், மட்டை, தேங்காய்த் தொட்டி என்று ஒரு சொல் என் வாயில் வரக்கூடாது, போனையும் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். தொட்டால் அடுத்த விமானத்தில் தனியாகத் திரும்பிவிடுவாளாம், இனி என்னோடு தாராபுரம் வரைக்கும்கூட வரமாட்டாளாம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நாச்சியம்மாள் சிரிக்காமல் ஒன்று சொன்னால் அதை நிறைவேற்றிவிடுவாள் என்பது உனக்குத் தெரியும்.

அவள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம் என்று கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனேன். விடியற்காலையில் சத்திரத்து வாசலில் ஒரு தேங்காய் லாரி நின்றது, நல்ல காய், நம் ஊர்க் காயைவிடப் பருமன். டிரைவரிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனேன். சூரியன் என்னைக் கேட்காமல் உதித்துவிட்டது. திரும்பும்போது அந்த லாரியிலேயே வந்தோம், உங்கம்மா கல்யாணப் பட்டுப்புடவையோடு முன் சீட்டில் காங்கேயம் வரைக்கும் வாய் திறக்காமல் உட்கார்ந்து வந்தாள். பிறகு ஆலப்புழையில் படகு எடுத்தேன், அதைக் கொப்பரைக் கிடங்கு வாசலில் கட்டச் சொன்னது தப்புதான். ஆனால் படகு நகர்ந்தால் அவளுக்குத் தலை சுற்றும் என்று நான் நினைத்ததும் உண்மை.

போன தை அமாவாசைக்கு ஆனைமலை போக வேண்டும் என்றாள், கூட்டிப்போனேன். மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவார்கள் அல்லவா, இவளும் வரிசையில் நின்று மிளகாய் அரைத்தாள். எனக்குப் பகீரென்றது. யார் மேல் இவ்வளவு கோபம், பங்காளி மேலா, என் மேலா என்று வண்டியில் வரும்போது கேட்டேன். "ஆள் மேல இல்லீங்க. உங்க போனு மேலதான்" என்றாள். அதற்குப் பிறகு பத்து நாள் அந்தப் போனை நான் துண்டால் பிடித்துத்தான் எடுத்தேன்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். நீ எப்போதோ அனுப்பிய ஐந்து இடங்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. நாலு மணிக்குக் குளியல். வியாழக்கிழமை ஆறில் இருந்து ஏழரை எமகண்டம், அதனால் ஐந்தரைக்கே வண்டி கிளம்பிவிட வேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. உங்கள் ஊர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறதே, எமகண்டம் நம் ஊர் மணிக்கா அந்த ஊர் மணிக்கா என்று ஜோசியரைக் கேட்டேன். எந்த ஊர் மண்ணில் நிற்கிறீர்களோ அந்த ஊர் மணிதான் என்றார். முதலில் கிந்தாமணி மலையும் ஏரியும். மலைக்கு அரை மணி, ஏரிக்குக் கால் மணி போதும், தண்ணீர் எங்கேயும் தண்ணீர்தான். ஒன்பதுக்குப் படிப்படியாக வெட்டியிருக்கும் நெல் வயல். பத்தரைக்கு நான் "இயற்கைக் காட்சி" என்று எழுதியிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அது என்ன இயற்கை என்று கேட்டாள். தோப்பு என்றேன். என்ன தோப்பு என்றாள். மரத் தோப்பு என்றேன். பேனாவை வாங்கி அடித்துவிட்டாள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, அரிசியும் பருப்பும் சாதம் அவளே கட்டிவிடுவதாகச் சொல்கிறாள், உன் வீட்டில் குக்கர் இருக்கிறதா, கேஸ்கட் நன்றாக இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னாள். ஒன்றரையில் இருந்து மூன்று வரை ராகுகாலம், அந்த நேரத்தில் புதிதாக எங்கேயும் கிளம்பாமல் ஒரு மர நிழலில் உட்கார்வது என்று போட்டிருந்தேன். இதை அவள் பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் விரலை மடக்கி இரண்டரை மணி நேரத்தைக் கழித்தாள். அங்கே ஒன்றரை என்றால் இங்கே பதினொன்று. "ஏனுங்க, பதினோரு மணிக்குத்தானுங்க இங்க கொப்பரை ஏலம் ஆரம்பிக்குது?" என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் ஏல நேரத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை, எப்படி மனப்பாடமாக வைத்திருக்கிறாள் பார். ராகுகாலம் முழுக்கத் தன் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டாள். மூன்று மணிக்கு மேல் உலுவாட்டு. அங்கே குரங்குகள் கண்ணாடியையும் போனையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும், ஜாக்கிரதை என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரிக்கு அடியில் அம்மா இரண்டு கோடு போட்டு, இந்த இடத்துக்கு இன்னும் அரை மணி நேரம் கூட்டிக் கொடுங்கள் என்றாள். கடைசியில் பாறை மேல் இருக்கும் கடல் கோயில், அங்கே சூரியன் இறங்குவதைப் பார்ப்பது. உதிக்கும்போது விட்டதை இறங்கும்போதாவது பிடித்துவிடலாம்.

உன் சூலூர் மாமா மோகன்குமாரும் கூட வருவதாக இருந்தான். அக்காவைக் கடல் தாண்டித் தனியாக விட மாட்டானாம். நான் பக்கத்தில் இருப்பது கணக்கில் இல்லை போலிருக்கிறது. தறி ஓடுகிறதோ இல்லையோ, திருப்பூர் போய் நாலு பூப்போட்ட சட்டை வாங்கி வந்துவிட்டான், எனக்கும் ஒன்று. முப்பது வருடமாக வெள்ளைச் சட்டை தவிர வேறு போடாத மனிதனுக்கு மஞ்சள் சட்டை, அதில் பச்சைத் தென்னை மரம். அந்த மரத்தை நன்றாகப் பார்த்தேன், மொத்தமே ஏழு மட்டைதான் இருக்கிறது. அது சீக்கு மரம், அதில் காய் பிடிக்காது. இதைச் சொன்னதும், "பாத்தியாக்கா, மச்சான் சட்டையிலயும் தேங்காயத்தான் எண்ணறாரு" என்று அக்காவிடம் கோள் சொல்லிவிட்டான். பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் அது காலாவதியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அவன் வரவில்லை, சட்டைகள் மட்டும் வருகின்றன.

வண்டிக்கு, உன் ஆபீஸுக்கு ஓட்டும் கெத்துட் என்பவர் நம்பரை முன்பு நீ கொடுத்திருந்தாய் அல்லவா, உன்னிடம் சொல்லாமல் நானே வீடியோவில் கூப்பிட்டேன். நான் கண்ணபுரம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்து மேலே வந்தவன், நாலு பேர் காதில் விழ விலை பேசி எனக்குப் பழக்கமில்லை. துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசினால்தான் நாக்கு சுத்தமாக இருக்கும். அதனால் போனை மேசையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, உள்ளே கையை விட்டு விரலைக் காட்டினேன். அந்தப் பக்கம் ஹலோ சார் ஹலோ சார் என்று சத்தம். துண்டுக்குள் இருட்டாக இருக்கிறது என்று மோகன்குமார் டார்ச் அடித்தான். தேதி வியாழக்கிழமை என்று சொன்னதும் அவர், "நோ சார், தர்ஸ்டே நோ" என்றார். முதல் விலைக்கு எவன் ஒத்துக்கொள்வான், நான் ஒரு விரலைச் சேர்த்தேன். நோ சார் என்றார். இன்னொரு விரல். நோ நோ சார். கெட்டிக்காரர், அசைந்து கொடுக்கவே இல்லை, நம் சந்தையில் பிறந்திருந்தால் பெரிய தரகர் ஆகியிருப்பார். கடைசியில் துண்டை எடுத்துப் பார்த்தேன், இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுச் சிரித்தார். நானும் கும்பிட்டேன். பேரம் முடிந்தது. அதற்குள் ஜெரோம் வேறு இரண்டு நாளாக மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான், நான் எடுக்கவில்லை. டிக்கெட் விற்றவன் தானாக மூன்று தடவை கூப்பிடுகிறான் என்றால் விலை ஏற்றப் பார்க்கிறான் என்று அர்த்தம். நாளை கோவை போய் நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன். விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது, மீதியைப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

5.3.2026, வியாழன் சாயங்காலம். கண்ணு, கோவை போய்விட்டு இப்போதுதான் வந்தேன். மேலே எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன், கிழித்துப் போடலாமா என்று நினைத்தேன், பிறகு மனசு வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன், நீயும் சிரித்துக்கொள்.

ஜெரோம் என்னைப் பார்த்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்தான். விலை ஏற்றப் போகிறான் என்று நான் துண்டைத் தோளில் இருந்து எடுத்து மடியில் போட்டேன். அவன் விலையைப் பற்றியே பேசவில்லை. அந்த வியாழக்கிழமை பாலிக்காரர்களுக்கு நியெபி என்று ஒரு நாளாம், வருடத்துக்கு ஒரு முறை ஊரே மௌனம் இருக்கிற நாள். அன்றைக்குத் தெருவில் வண்டி ஓடாது, கடை திறக்காது, விமானம்கூட இறங்காது, ராத்திரி வெளியே தெரிகிற மாதிரி விளக்குப் போடக்கூடாது, வந்த விருந்தாளியானாலும் வாசல் தாண்டக்கூடாது. போனில் இன்டர்நெட்டையும் நிறுத்திவிடுவார்களாம். "மூணு தடவ கூப்பிட்டனுங்க சார், நீங்க எடுக்கவே இல்லீங்களே" என்றான். நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். முன்னூற்று அறுபத்தைந்து நாளில், நாலு மணிக் குளியலில் இருந்து சூரியன் இறங்குவது வரைக்கும் நான் கால் மணி கால் மணியாகத் திட்டம் போட்டது, ஒரு தீவு மொத்தமும் கதவைச் சாத்திக்கொள்கிற நாளுக்கு. பாவம் கெத்துட், அவர் சொன்ன நோ நிஜமான நோ. இத்தனை வருட வியாபாரத்தில் இல்லை என்றால் இல்லை என்று அர்த்தம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சரக்கு விலை இறங்கிக் கிடந்தால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அதையும் கேட்காமல் விட்டவன் நான்தான்.

தேதியை மாற்றிவிடலாம், கொஞ்சம் கூட ஆகும், வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள் என்றான் ஜெரோம். அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். பாவம், ஒரு நாள் ஊர் சுற்ற ஆசைப்பட்டாள், அதையும் நான் இப்படிச் செய்துவிட்டேனே என்று குரலைத் தாழ்த்தித்தான் ஆரம்பித்தேன். வண்டி ஓடாது என்றேன். உம் என்றாள். கடை இருக்காது என்றேன். உம் என்றாள். போனும் வேலை செய்யாது என்றேன். அப்போதும் உம்தான். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாட்டுக்குப் பல் இல்லை என்று சொல்லும்போது வாங்குகிறவன் உம் கொட்டினால், அவனுக்கு அது முன்பே தெரியும் என்று அர்த்தம். நாச்சி, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"பாப்பா போன மாசமே சொல்லுச்சுங்க. நீங்கதான் பாதியில எந்திரிச்சு களத்துக்குப் போயிட்டீங்க."

அப்புறம் ஏன் சொல்லவில்லை, நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து திட்டம் போட்டேனே என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஊரு சுத்தறதுக்கு நான் எப்பங்க கேட்டேன்? அந்தப் புள்ள ரெண்டு வருசமா என்ன சாப்புடுதுன்னு கண்ணுல பாக்கோணும். நீங்க ஒரு நா பூரா எந்திரிக்காம எங்கூட உக்காரோணும். உங்களை உக்கார வெக்கறதுக்கு ஒரு தீவையே சாத்த வேண்டியிருக்குது. மாசாணியம்மா பாதி செஞ்சுபோட்டா, மீதிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேனுங்க. தேதியை மாத்தீராதீங்க."

காந்திபுரத்தில், ஏசி ரூமில், வேர்த்துவிட்டது கண்ணு. வியாபாரத்தில் என்னை ஏமாற்ற வேண்டும் என்றால் பொள்ளாச்சியில் இருந்தும் கேரளத்தில் இருந்தும் ஆள் கூடி வர வேண்டும். வீட்டிலேயே ஒருத்தி, நான் இந்தப் பக்கத்தை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுகிறபோது எதிரே உட்கார்ந்து, திட்டத்தில் தோப்பை அடித்து, குரங்குக்கு அரை மணி கூட்டிக் கொடுத்து, அத்தனையும் நடக்காது என்று தெரிந்தே பேரம் பேசியிருக்கிறாள். துண்டே இல்லாமல் பேசியிருக்கிறாள். கோபம் வரவில்லை. இவளை முப்பது வருடத்துக்கு முன்பே கொள்முதலுக்கு அனுப்பியிருக்கலாமே என்றுதான் தோன்றியது. ஜெரோமிடம் தேதி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ எங்களைக் கூட்டிப்போக விமான நிலையத்துக்குப் புதன்கிழமையே வந்துவிடு, கெத்துட் வந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல், அவருக்கு ஒரு புதுத் துண்டு கொண்டுவருகிறேன். காய்கறி, பால் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடு. ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு வை, அந்த ஊர்க்காரர்கள் ஒரு நியமமாகச் செய்வதில் நம் வீட்டு வெளிச்சம் போய்த் தொந்தரவு கொடுக்கக் கூடாது. அம்மா தாயக்கட்டை எடுத்து வைத்துவிட்டாள், ஒப்புட்டும் கச்சாயமும் சுடப்போகிறாளாம். அண்டாவை இறக்கியிருப்பதைப் பார்த்தால் விமானத்தில் நம் சாமானுக்குத் தனி சீட் வேண்டியிருக்கும்.

இப்போது உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும், இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. ஐந்தரை மணிக்கு மலை, ஒன்பதுக்கு வயல் என்று ஒரு தீவுக்கே என்னால் திட்டம் போட முடிந்தது. காலை ஆறில் இருந்து இருட்டும் வரைக்கும் உங்கம்மாவோடு ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து, கொப்பரை இல்லாமல், என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. காந்திபுரத்தில் இருந்து காங்கேயம் வரைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். சூலூர் வருவதற்குள் இரண்டு விஷயம் கிடைத்தது, ஒன்று உன் கல்யாணம், அதை எடுத்தால் நீ எழுந்து போய்விடுவாய். இன்னொன்று மழை, அது கால் மணி நேரம் வரும். அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும், எந்தப் பாட்டுப் பிடிக்கும், பள்ளிக்கூடத்தில் யாரோடு சுற்றினாள், ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் இப்போதுதான் நேரம் கிடைத்ததா என்பாள். நீ எப்போதும் அவளோடு மணிக்கணக்கில் பேசுகிறாயே, மணி வாரியாக ஒரு திட்டம் போட்டு எனக்குத் தனியாக அனுப்பு. எமகண்டம் ராகுகாலம் எல்லாம் பார்க்க வேண்டாம். எங்கேயாவது நான் தடுமாறினால் நீ இருமு, நான் அடுத்ததற்குப் போய்விடுகிறேன். கன்னியாகுமரியைப் பற்றி மட்டும் நானே ஆரம்பிக்கிறேன், அதற்கு உன் உதவி வேண்டாம்.

மாசாணியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீண்ட ஆயுளும் நல்ல பசியும் கொடுக்கட்டும். ஞாபகமாக ஒன்று, உன் வீட்டு வாசலில் ஒரு தென்னை நிற்பது நீ அனுப்பிய போட்டோவில் தெரிகிறது. அதைப் பற்றி வியாழக்கிழமை நான் வாயே திறக்க மாட்டேன், திரும்பியும் பார்க்க மாட்டேன். அதனால் எத்தனை குலை இருக்கிறது என்று புதன்கிழமையே எண்ணிச் சொல்லிவிடு.

இப்படிக்கு, மஞ்சள் சட்டையில் வந்து இறங்கப்போகும்,
உன் அப்பா
குமாரசாமி